பெற்ற நெஞ்சின் விலை

'பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட ஒரு தகப்பனைப் பற்றிப் பேச்சு வந்தால், 'மனுஷன் ஓடாய்த் தேய்ந்துதான் குடும்பத்தைக் கரை சேர்த்தான்' என்கிறோம். தாயைப் பற்றிப் பேசினால், 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தாள்' என்கிறோம். அப்படிச் சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்ந்து நெகிழ்ந்து விடுகிறது. தேய்ந்தது எது, எவ்வளவு தேய்ந்தது, எல்லாத் தகப்பன்மாரும் ஒரே அளவாகத்தான் தேய்கிறார்களா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பெருமைக்கு ஏதோ பங்கம் வந்துவிடும் என்று ஒரு கூச்சம் நமக்கு இருக்கிறது.

அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை வளர்ப்பது பெற்றவர்களின் இருதயத்தை உண்மையிலேயே தேய்க்கிறதா? கவிஞர்கள் பாடுகிற இருதயத்தை நான் சொல்லவில்லை. வைத்தியர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்கிறாரே, ஒரு கைப்பிடி அளவுள்ள அந்தச் சதையைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைச் சிலர் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த இரண்டு பெரிய ஆராய்ச்சிகளின் விவரங்களைச் சேர்த்து வைத்து 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 60 வயதிலிருந்து 79 வயது வரை உள்ள ஆண்களும் பெண்களுமாக எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் பெற்றவர்களிடையே இருதய நோய் மிகக் குறைவாகக் காணப்பட்டது. இரண்டுக்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும், நோய் இருப்பதற்கான வாய்ப்பு பெண்களிடம் 30 சதவிகிதமும் ஆண்களிடம் 12 சதவிகிதமும் கூடிக்கொண்டே போயிற்று.

தாய்க்குக் கூடியதில் வியப்பில்லை. பத்து மாதம் சுமந்து பெறுகிற உடம்பு அது; கர்ப்பத்தில் சர்க்கரையும் கொழுப்பும் மாறுகின்றன, இரத்த நாளங்கள் சிரமப்படுகின்றன. ஆனால் தகப்பன் எதைச் சுமந்தான்? அவனுக்கு ஏன் கூட வேண்டும்? உடல் பருமன், சர்க்கரை, கொழுப்பு முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்தபோது, தகப்பன்மாரிடம் கண்ட உயர்வு பெரும்பாலும் மறைந்துவிட்டது. தாய்மாரிடம் அது குறைந்தது. ஆனால் முற்றிலும் போகவில்லை. இதிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் ஊகித்தது இதுதான்: கர்ப்பம் தாயிடம் தன் பங்குக்கு ஏதோ செய்திருக்கலாம், ஆனால் இருவர் நெஞ்சையும் பாதித்ததில் பெரும் பங்கு பிள்ளையைச் சுற்றி அமைந்த அன்றாட வாழ்க்கையுடையது. தூக்கம், சாப்பாடு, ஓய்வு, நடை எல்லாம் பிள்ளை வந்தபின் மாறிவிடுகின்றன அல்லவா?

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. பிள்ளையைச் சுற்றி அமைகிற அந்த வாழ்க்கை எல்லாருக்கும் ஒன்றா?

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சோமனூர். இந்த ஊரின் துணி மூன்று கைகள் மாறித்தான் உருவாகிறது. நூலும் பாவும் கொடுப்பவர் ஜவுளி உற்பத்தியாளர். அதை வாங்கிச் சொந்தத் தறிகளில் கூலிக்கு நெய்து காடாத் துணியாகத் திருப்பிக் கொடுப்பவர் தறிக்காரர். அந்தத் தறிகளை ஓட்ட வாரச் சம்பளத்துக்கு வருகிறவர் தொழிலாளி. மூவருக்கும் பிள்ளைகள் உண்டு. மூவருடைய பிள்ளைப் பாசத்தையும் தராசில் வைத்து நிறுத்தால் முள் அசையாது. ஜவுளிக்காரர் தம் மகளைக் கொஞ்சுகிற அதே குரலில்தான் தொழிலாளியும் 'என்ற கண்ணு' என்று தம் மகளைக் கொஞ்சுகிறார்.

ஆனால் சந்தை மந்தமானால் என்ன நடக்கிறது? ஜவுளிக்காரர் பாவு கொடுப்பதைக் குறைக்கிறார். அவருக்கும் கவலைதான், வட்டி ஓடுகிறது, தூக்கம் கெடுகிறது. ஆனாலும் மகளின் பள்ளிக்கூடச் சம்பளம் நிற்பதில்லை. தறிக்காரர் மின்கட்டணத்துக்கும் தறிக் கடனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மனைவியின் நகையை அடகுக் கடைக்கு அனுப்புகிறார். தொழிலாளிக்கு அடகு வைக்க உடம்பு மட்டுமே இருக்கிறது. ஆகவே அவர் பகல் ஷிப்டுடன் பாதி இரவையும் சேர்த்துக்கொள்கிறார். மேலே ஒருவருக்கு மனக்கவலையாக இருப்பது, கீழே இறங்க இறங்க இரத்தக் கொதிப்பாக மாறிவிடுகிறது. பைசாக் கணக்கில் பேசப்படுகிற நெசவுக் கூலிக்காக 2022 தொடக்கத்திலும், 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் இந்த வட்டாரத்தில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்த நாட்களில் ஊர் அமைதியாக இருந்தது. ஆனால் அந்த அமைதியில் எத்தனை பேர் நெஞ்சு படபடத்துக் கொண்டிருந்தது என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

வேலை நேரம் இருதயத்தை என்ன செய்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணிக்கு மேல் உழைப்பவர்கள் மாரடைப்பு போன்ற இருதய நோயால் சாகும் வாய்ப்பு 17 சதவிகிதம் அதிகம். பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவிகிதம் அதிகம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு ஆறு நாள் ஓடினால் 72 மணி. இதற்கு மேல் தறிச் சத்தம், பஞ்சுத் தூசி, பசியை அடக்கக் குடிக்கிற டீ, தூக்கத்தை விரட்டப் பிடிக்கிற பீடி.

தறி ஓட்டுகிற ஒருவரிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசிக் கொண்டிருந்தேன். நாற்பது வயது இருக்கும். இரத்தக் கொதிப்பு இருப்பதாக ஒரு முகாமில் சொல்லியிருந்தார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

"ஏனுங்க தம்பி, வாசலுக்கே கொண்டாந்து தர்றாங்களே, வாங்கிப் போடறதுதானே?" என்று கேட்டேன்.

"அவங்க வர்ற நேரத்துக்கு நான் தறியில நிப்பனுங்க, இல்லீன்னா ராத்திரி ஓட்டீட்டு வந்து தூங்கீட்டு இருப்பனுங்க. வீட்டுல வாங்கி வெச்சாலும் போட மறந்து போகுதுங்க. கொதிப்பு இருக்கறது உடம்புக்குத் தெரியறதில்லீங்களே. பையன் பீஸ் கட்டற தேதி மட்டும் நல்லாத் தெரியுதுங்க."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பையன் என்ன பண்ணுவான்?"

"அதுக்குத்தானுங்க, அவன் படிச்சு முடிக்கற வரைக்கும் நிக்காம ஓட்டறது."

அவர் பதிலில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இன்றைய ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. நாளைய ஆபத்து தெரியவில்லை. கையில் இருக்கிற பொழுதையும் பலத்தையும் தெரிந்த ஆபத்துக்குச் செலவிடுகிறார். சௌகரியம் உள்ளவன் இரண்டுக்கும் செலவிடுவான், அவ்வளவுதான் வேறுபாடு.

பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் பாரம் குறையாதா என்று கேட்கலாம். நம் நாட்டார் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள்தான். கொங்கு நாட்டில் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் ஏராளம். ஆனால் ஐந்து பிள்ளைகளுக்குப் பகிர்ந்த ஆசையெல்லாம் இப்போது ஒரு பிள்ளையின் தலையில் குவிந்திருக்கிறது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வேன், டியூஷன், என்ஜினீயரிங் காலேஜ். 'நான்தான் தறிக்குழியில் கிடந்தேன், என் பிள்ளையாவது கிடக்க வேண்டாம்' என்று ஒரு தகப்பன் நினைப்பதில் என்ன தவறு? ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்துக்குப் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும் என்கிறான். தூக்குகிற பாரம் முழுவதையும் ஒரே ஒரு தோள் தாங்க வேண்டியிருப்பதுதான் துன்பம்.

ஒரு காலத்தில் மாரடைப்பைப் பணக்கார வியாதி என்று நாம் நினைத்தோம். நெய்யும் மெத்தையும் உள்ளவர்களுக்கு வருவது, உழைக்கிறவனை அண்டாது என்று ஒரு நம்பிக்கை. அது பொய்த்துப் பல காலம் ஆகிறது. லண்டனில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஏறத்தாழ 18,000 பேரை 1967 முதல் கவனித்து வந்தார்கள். அவர்களில் யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லாருக்கும் மாதச் சம்பளம் உண்டு. அப்படியிருந்தும், கடைசிப் படியில் இருந்த ஏவலாட்களும் வாயிற்காவலர்களும் தலைமை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் இருதய நோயால் இறந்தார்கள். புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்கவில்லை. ஆணையிடுகிறவனுக்கும் ஆணைக்குக் காத்திருக்கிறவனுக்கும் உள்ள தூரமே ஒரு வியாதியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் வெளிப்படையானது. இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடு வந்த இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேரப் பாதிப் பேருக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. நம் வீடுகளில் அந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். 'வாய்வுப் பிடிப்பு' என்று ஒரு சோடா, பிறகு ஓமத் தண்ணீர், விடியட்டும் பார்க்கலாம் என்று ஒரு சமாதானம், ராத்திரியில் கார் பிடித்தால் என்ன கேட்பானோ என்று ஒரு கணக்கு. அந்த ஆய்வில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள், ஏழைகளில் 100க்கு 8.2 பேர், பணக்காரர்களில் 5.5 பேர். கொடுத்த சிகிச்சையின் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டது. ஏழையின் இருதயம் பலவீனமாகப் படைக்கப்பட்டதன்று. அதற்குக் கிடைத்த வைத்தியம்தான் பலவீனம்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால், பெற்றோரின் வறுமையும் பிள்ளையின் இருதயமும் கருவிலேயே சேர்ந்துவிடுவதைக் காணலாம். திம்பம் மலை ஏறி இறங்கினால் மைசூர். அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934க்கும் 1954க்கும் இடையே பிறந்த குழந்தைகளின் எடையை நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து நடுவயதை எட்டிய பிறகு, அவர்களில் 517 பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இருதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 பேருக்கு மட்டுமே. எடை குறைந்து பிறந்தவர்களில், தாயும் கர்ப்ப காலத்தில் 45 கிலோவுக்குக் குறைவாக இருந்திருந்தால், 100க்கு 20 பேர். அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தாய் பசியோடு படுத்த இரவு, அவள் மகனின் நெஞ்சில் வந்து கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி' வளர்ப்பதை நாம் புகழ்கிறோமே, அந்தக் கட்டிய வயிற்றுக்குள்தான் அடுத்த பிள்ளை இருந்தது.

இந்தச் செய்திகளையெல்லாம் வைத்துக்கொண்டு நாம் என்ன நீதி சொல்வது?

வசதி இல்லாதவன் ஏன் பிள்ளை பெற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நாகரிகமான வீடுகளில், நல்ல காப்பி குடித்துக்கொண்டே கேட்பார்கள். ஏழைக்கு வாழ்க்கையில் கிடைக்கிற சந்தோஷங்கள் சில. அவற்றில் வரிசெலுத்தாமல் கிடைப்பது மழலை ஒன்றுதான். அதையும் ஆடம்பரம் என்று சொல்வதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டும். தவிரவும், அவன் பெற்ற பிள்ளைதான் நாளைக்கு நம் எல்லாருக்கும் துணி நெய்யப் போகிறது, வண்டி ஓட்டப் போகிறது, வயதான காலத்தில் ஊசி போடப் போகிறது. ஊருக்கு உதவுகிற பிள்ளையின் செலவைப் பெற்றவன் ஒருவனே ஏற்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வது பெற்றவன் கடமை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நாற்பத்தைந்தில் தகப்பன் சாய்ந்தால், எந்தப் பையனுக்காக ஓட்டினானோ அந்தப் பையன்தான் படிப்பை விட்டுவிட்டு அதே தறிக்கு வருகிறான். மாத்திரை போடுவதும், பீடியை விடுவதும், மார்பு வலித்தால் உடனே 108ஐக் கூப்பிடுவதும் பிள்ளைப் பாசத்தின் பகுதிகளே. பெற்றவர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு ஷிப்டு ஓட்டினால்தான் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் ஒருவனை வைத்துவிட்டு, 'தினம் அரை மணி நேரம் நட, எட்டு மணி நேரம் தூங்கு' என்று உபதேசிப்பது பரிகாசம்.

மூன்றாவது பதில்தான் எல்லாவற்றிலும் அபாயமானது. ஏனென்றால் அது இனிமையாக இருக்கிறது. 'பெற்றவர்களின் தியாகம்' என்று நாம் கைகூப்பி நின்றுவிடுகிறோம். தியாகம் என்பது, மறுக்க முடிந்தவன் மறுக்காமல் கொடுப்பது. மறுக்க வழியே இல்லாதவனிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கிடாய் வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரம் பட்ட கிடாய் உடம்பை உலுக்கும். உடனே, 'சாமி உத்தரவு கொடுத்தாச்சு, கிடாயும் சம்மதிச்சாச்சு' என்று அரிவாளை எடுப்பார்கள். ஏழைப் பெற்றோரைப் பார்த்து நாம் பாடுகிற தியாகப் புகழ்ச்சி எனக்குப் பல வேளைகளில் அந்த மஞ்சள் தண்ணீராகவே படுகிறது.

இந்தப் புகழ்ச்சி பிள்ளைகளுக்கும் நன்மை செய்வதில்லை. 'உனக்காகத்தான் உங்கப்பன் செத்தான்' என்று ஒரு பையனின் காதில் ஓதி வளர்த்தால், அவன் வாழ்நாள் முழுவதும் தீராத ஒரு கடனைச் சுமப்பான். அது அவன் கடன் அன்று. அவன் தகப்பனிடம் மலிவான கூலிக்கு உழைப்பை வாங்கியவர்கள், மலிவான துணியை வாங்கி உடுத்தியவர்கள், எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. நம் பங்கைப் பையன் தலையில் ஏற்றுவதற்குத்தான் தியாகம் என்ற சொல் உதவுகிறது.

இந்த விலை விதியினால் ஏற்பட்டதன்று, குறைக்கக் கூடியதுதான் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. கோயமுத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2012க்கும் 2014க்கும் இடையில் தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, ஆம்புலன்சையும் அரசாங்கக் காப்பீட்டையும் அதில் சேர்த்து, மாரடைப்பு வந்தவர் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் வைத்தியம் நடக்க வழி செய்தார்கள். 2,420 நோயாளிகளைக் கவனித்ததில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100க்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை நான் ஓர் இருதய வைத்தியமாகவே மதிக்கிறேன். கர்ப்பிணியின் தட்டில் விழுகிற சோறு அறுபது ஆண்டு கழித்து ஒரு மாரடைப்பைத் தடுக்கக் கூடும் என்பதைத்தானே மைசூர் நோட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன?

ஆயினும் ஆஸ்பத்திரி வந்து சேர்வது கடைசிக் கட்டத்தில். அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் தறியடியில் கழிகின்றன. கூலிப் பேச்சுவார்த்தைக்கு உட்காருகிறவர்கள் மீட்டருக்கு இத்தனை பைசா என்று வாதாடுகிறார்கள். அது வியாபாரப் பேச்சு என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பைசாவில்தான் ஒரு தகப்பன் பன்னிரண்டு மணி நேரத்தோடு வீட்டுக்குப் போவானா, பதினாறு மணி நேரம் நிற்பானா என்பது தீர்மானமாகிறது. அவன் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது மத்தியானம் சாப்பிடுவாளா என்பதும் அதில் இருக்கிறது.

பெற்றவர்கள் பிள்ளைகளுக்காகச் சிரமப்படுவது இந்த உலகத்தில் ஒருநாளும் நிற்கப் போவதில்லை, நிற்கவும் வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் விழித்திருக்கும் இரவை எந்தத் தாயிடமிருந்தும் நாம் பறிக்க வேண்டியதில்லை. அது அவளுடைய செல்வம். ஆனால் அந்த ஓர் இரவுக்கு மேல், கூலி போதாமையினால் அவள் விழித்திருக்கிற இரவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இரவுகளுக்கு அன்பைக் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.